மிஸ்ட்ரால்: ஈயத்தில் வார்த்த கையெழுத்து

கல்யாணம், காதணி விழா, கிரகப்பிரவேசம், கருமாதி என்று மனிதருடைய வாழ்வின் எல்லாச் சேதிகளும் எங்கள் கடைக் கல்லாவைத் தாண்டித்தான் ஊருக்குப் போகின்றன. மும்பைக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அட்டை விற்றுப் பிழைப்பவன் அடியேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் பழைய புத்தகக் கடையிலும், அச்சக நண்பர்களிடத்திலும், பிற்காலத்தில் மகனின் கணிப்பொறியிலும் பொறுக்கிச் சேர்த்தது. ஆகவே இக்கட்டுரையில் பிழை தென்பட்டால் சங்கத்தார் பொறுத்தருள வேண்டும்.

நான் எழுத்துகளின் பிறப்பைத் தேடக் காரணம், நான் செய்த ஒரு தவறு.

1998ஆம் ஆண்டு. நம் ஊர்க்காரர் குடும்பம் ஒன்றில் பெரியவர் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் பத்திரிகை இருநூறு வேண்டும், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அலுவலக நண்பர்களுக்காக ஆங்கிலம் என்றார்கள். தமிழ்ப் பக்கத்தை மூன்று முறை பிழை திருத்தினேன். ஆங்கிலப் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து, 'சரி, போடு' என்று சொல்லிவிட்டேன். எங்கள் டி.டி.பி. பையன் அதற்கு முன் ஒரு நிச்சயதார்த்த அட்டையை முடித்திருந்தான். அதில் இருந்த எழுத்துருவிலேயே இதையும் ஓட்டிவிட்டான். மறுநாள் காலை பெரியவரின் மகள் கட்டோடு வந்தார். சத்தம் போடவில்லை. ஓர் அட்டையை எடுத்துக் கல்லா மேல் வைத்து, "அண்ணாச்சி, எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல. ஆனா எங்கப்பா போன சேதிய இந்த எழுத்து சிரிச்சுக்கிட்டுல்ல சொல்லுது?" என்றார்.

பார்த்தேன். அம்மா சொன்னது அப்படியே உண்மை. எழுத்துகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டு போயின. மாலைக்குள் இருநூறையும் வேறு எழுத்தில் அடித்து, காசு வாங்காமல் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிரவு பையனிடம், "டேய், அந்த எழுத்துக்குப் பேர் என்னடா?" என்று கேட்டேன். திரையில் காட்டினான். மிஸ்ட்ரால் என்று இருந்தது.

பத்திரிகைக் கடைக்காரனுக்கு எழுத்துதான் சரக்கு. அரிசிக் கடைக்காரனுக்கு நெல் விளைந்த ஊர் தெரியாமல் இருக்குமா? இத்தனை வருடம் விற்ற சரக்கு எந்த ஊரில் விளைந்தது என்று தெரியாதிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

மிஸ்ட்ரால் என்பது ஒரு காற்றின் பெயர். பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கிலிருந்து இறங்கி மத்தியதரைக் கடலை நோக்கி வீசும் குளிர்ந்த முரட்டுக் காற்று. (இதே பெயரில் அந்தப் பகுதியின் கவிஞர் ஒருவரும் உண்டு, 1904இல் நோபல் பரிசு பெற்றவர். எழுத்து தாங்கி நிற்பது காற்றின் பெயரை.) அந்தக் காற்று அடிக்கும் துறைமுக நகரம் மார்செய். நம்மவருக்கும் அறிமுகமான பெயர்தான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தமிழர் பலர் கப்பலை விட்டு இறங்கியது இத்துறைமுகத்தில்தான். இங்கே ஒலீவ் என்ற குடும்பத்தார் எழுத்து வார்ப்பகம் ஒன்றை நடத்தினார்கள். மார்செய் நகரில் 1910இல் பிறந்த ரோஜே எக்ஸ்கொஃபோன் என்பவர் சட்டம் படிக்கப் போய், அதை விட்டுவிட்டு ஓவியம் பயிலப் பாரிஸ் சென்றவர். வார்ப்பக உரிமையாளர் மர்செல் ஒலீவ் இவருக்கு மைத்துனர் முறை. அந்த உறவின் வழியே பாரிஸிலிருந்தபடி வார்ப்பகத்துக்கு எழுத்து வரைந்து கொடுக்கலானார். மிஸ்ட்ரால் 1953இல் வெளிவந்தது. அது வேறு யாருடைய எழுத்துமல்ல, எக்ஸ்கொஃபோனின் சொந்தக் கையெழுத்தையே அடிப்படையாகக் கொண்டது.

கையெழுத்தை அச்சாக்குவது அவருக்கு முன்பே நடந்த காரியம்தான். வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து 1501இல் புத்தகமாக வந்தது. இன்று நாம் 'இட்டாலிக்' என்கிற சாய்வெழுத்தின் மூலம் அதுவே. அன்றைய படித்தவர்கள் வேகமாக எழுதும் கையைப் பார்த்து வெட்டியது. பின்னர் 1557இல் லியோன் நகரத்து ரொபேர் கிரான்ஜோன், 'இத்தாலியருக்குத் தங்கள் கையெழுத்து அச்சில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரருக்கு ஏன் இல்லை?' என்ற எண்ணத்தோடு தம் நாட்டுக் கையெழுத்தை ஈயத்தில் கொண்டுவந்தார். அரசர் இரண்டாம் ஹென்றி அவருக்குப் பத்தாண்டுத் தனியுரிமையும் வழங்கினார். அந்த எழுத்தில் குழந்தைகளுக்கு நன்னடத்தை கற்பிக்கும் நூல்கள் மிகுதியாக அச்சாகவே, நாளடைவில் எழுத்துக்கே 'சிவிலிதே', அதாவது நாகரிகம், என்று பெயர் நிலைத்தது. பிள்ளைகள் ஒழுக்கத்தோடு கையெழுத்து வாசிக்கவும் பழகிக்கொண்டார்கள். ஒரே புத்தகத்தில் இரண்டு லாபம்!

காலத்தை நம்மோடு வைத்துப் பார்த்தால் சுவையாக இருக்கும். கிரான்ஜோன் வேலை முடித்து 21 ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. அண்டிரிக் அடிகளார் கொண்டுவந்த பதினாறு பக்கச் சிறு நூல். அதற்கான எழுத்துகளும் அன்று ஓலையில் எழுதிய வடிவத்தைப் பார்த்தே வார்க்கப்பட்டவை. அப்படிப் பார்த்தால் நம் முதல் அச்செழுத்தும் ஒரு கையெழுத்துதான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழ் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. 'அம்மா' என்று எழுதும்போது அகரமும் மகரமும் தொட்டுக்கொள்வதில்லை. பழைய அச்சில் துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை போன்றவை மட்டும் இரண்டு உறுப்பு ஒன்றாய்ப் பிணைந்து ஒரே அச்சாக வந்தன. அவையும் 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் பிரிந்துவிட்டன. ஐரோப்பியர் பேனா எடுத்துக் கடிதம் எழுதினால் சொல் முழுவதும் ஒரே கோடாக ஓடும். மாலை கட்டுவதுபோல் ஒரு பூவின் காம்பு அடுத்த பூவைப் பிடிக்கும். அதை ஈயத்தில் செய்வது எப்படி?

ஈய எழுத்தைக் கையால் கோத்துப் பார்த்தவருக்குத்தான் இதன் கஷ்டம் புரியும். நான் கோத்திருக்கிறேன். மும்பை வந்த புதிதில் ஒரு சிறு அச்சகத்தில் ஸ்டிக் பிடித்துக் கம்போசிங் பழகினேன். ஒவ்வோர் எழுத்தும் ஈயம், வெள்ளீயம், அஞ்சனக்கல் கலந்து வார்த்த ஒரு குட்டித் தூண். தலையில் மட்டும் எழுத்து இருக்கும். தூணோடு தூண் ஒட்டி நிற்க வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். தனி எழுத்துக்கு இது கணக்கில்லை. கோடு ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குத் தாண்ட வேண்டுமென்றால் அந்த மயிரிழை வெள்ளைக் கீறலாகத் தெரியும். கோட்டின் நுனி இந்தத் தூணில் ஓர் உயரத்திலும் அடுத்த தூணில் வேறோர் உயரத்திலும் முடிந்தால் சொல்லே கால் ஒடிந்ததுபோல் நிற்கும். நுனியைத் தூணுக்கு வெளியே நீட்டி வார்த்தாலோ, இரண்டு நாள் ஓட்டத்தில் முறிந்து விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ஃபிர்மன் திதோ என்பவர் இதற்காகத் தூணையே சாய்வாக வார்த்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்தார். அழகான வேலை. ஆனால் சின்ன அச்சகத்தில் கோப்பவன் பாடு திண்டாட்டம்.

எக்ஸ்கொஃபோன் சாதாரணச் சதுரத் தூணிலேயே இதைச் சாதித்தார். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வந்தாலும் இணைப்பு பொருந்தும்படி, வெளியேறும் கோடும் உள்நுழையும் கோடும் சந்திக்கும் இடத்தைக் கணக்கிட்டு வரைந்தார். இன்னொரு சாமர்த்தியமும் அதில் உண்டு. செப்புத் தகட்டு எழுத்துபோல் மழமழவென்று வரையாமல், மை காய்ந்த தூரிகை இழுத்ததுபோல் ஓரங்களைச் சொரசொரப்பாக விட்டார். கோடே கரடுமுரடாக இருக்கும்போது நடுவில் ஒரு சிறு கீறல் யார் கண்ணில் படும்? சலவைக்கல் தரையில் ஒரு விரிசல் விழுந்தால் ஊரே பார்க்கும். சாணி மெழுகிய தரையில் யாரும் பார்க்க மாட்டார்கள். தவிர, எழுத்துகள் ஒரே கோட்டில் கட்டுப்பட்டு நிற்காமல் சில கீழே இறங்கியும் சில மேலே எம்பியும் போவதால், அவசரமாக எழுதிய கை என்ற தோற்றம் வந்துவிடுகிறது. எங்கள் கடையில் அன்று சிரித்தது இந்தத் துள்ளல்தான்.

இந்த எழுத்தைப் புத்தகம் அச்சிட யாரும் வாங்கவில்லை. ஒலீவ் வார்ப்பகத்தின் வாடிக்கைக்காரர்கள் நம்மைப் போன்றவர்கள். கடிதத் தலைப்பு, விலைப்பட்டியல், விளம்பரத் தாள், அழைப்பிதழ் அடிக்கும் சிறு அச்சகத்தார். போர் முடிந்து கடைத்தெருவில் மறுபடியும் வியாபாரம் துளிர்த்த காலம். கடைக்காரனுக்குத் தன் பெயர் சிரித்த முகத்தோடு தெரிய வேண்டும். முடி திருத்தகம், சிற்றுண்டிச் சாலை, பூக்கடை, வண்டிப் பக்கவாட்டு என்று மிஸ்ட்ரால் பிரான்ஸின் தெருவெல்லாம் ஏறியது. அங்கே போய்வந்த என் நண்பர், "நம்ம ஊர்ல சுவரெழுத்துக்காரர் எழுதுறது மாதிரி, அங்க இந்த எழுத்து எல்லா ஊர்லயும் இருக்கு" என்றார். இந்த எழுத்துக்குத் தன் இடம் தெருதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டபத்துக்குள் வந்தால்தான் தடுமாறுகிறது.

எக்ஸ்கொஃபோனின் மற்ற எழுத்துகளும் இதே தெருவுக்குப் பிறந்தவையே. 1951இல் வந்த பான்கோ, தகட்டை வெட்டி வளைத்ததுபோல் இருக்கும். அமெரிக்காவில் சறுக்குப் பலகை விளையாட்டுக்காரருக்கான 'த்ராஷர்' இதழின் தலைப்பு அந்த எழுத்தே. 1955இல் ஷோக், 1958இல் கலிப்ஸோ வந்தன. ஏர் பிரான்ஸ் நிறுவனத்துக்கு விளம்பரத் தாள்களும் வரைந்தார். 1968இல் கிரெனோபிள் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியின் சின்னமும் அவர் கைவண்ணம். இத்தனைக்கும் அவரை ஆய்வாளர்கள் பெரிதாகப் பேசத் தொடங்கியது அவர் 1983இல் மறைந்த பிறகுதான். உயிரோடிருந்தபோது காற்று வேறு பக்கம் அடித்தது.

அந்த வேறு காற்று சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. 1957ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு பெரிய எழுத்துகள் வந்தன. ஒன்று பாரிஸின் தெபெர்னி பெஞோ வார்ப்பகம் வெளியிட்ட யூனிவர்ஸ், வரைந்தவர் சுவிஸ்காரரான அத்ரியான் ஃபுருட்டிகர். மற்றொன்று பாசல் நகரருகே ஹாஸ் வார்ப்பகத்தில் பிறந்து, பிற்பாடு ஹெல்வெட்டிகா என்று உலகெங்கும் பெயர் பெற்றது. இவை சிரிப்பதுமில்லை, அழுவதுமில்லை. வங்கி, விமான நிலையம், மருந்துப் பெட்டி எதற்கும் பொருந்தும். எழுத்துக்குக் குணமே கூடாது, சேதிதான் பேச வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எக்ஸ்கொஃபோனும் 'ஆன்டிக் ஒலீவ்' என்று கோடு தடித்த ஓர் எழுத்தை 1960களில் வெளியிட்டுப் பதில் சொன்னார். வியாபாரத்தில் வென்றது மறுபக்கம். 1978இல் ஒலீவ் வார்ப்பகத்தையே ஹாஸ் வார்ப்பகம் எடுத்துக்கொண்டது. சிரிக்கும் எழுத்து, சிரிக்காத எழுத்தின் வீட்டுக்கு வாழப் போன கதை!

ஈயம் போனது, ஆனால் மிஸ்ட்ரால் போகவில்லை. ஒளி அச்சு வந்தபோது தூணே இல்லாததால் மயிரிழைத் தொல்லையும் தீர்ந்தது. பிறகு கணிப்பொறி. அங்கே ஒரு வேடிக்கை உண்டு, வணிகர்கள் கவனிக்க வேண்டியது. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை, பெயருக்கு மட்டும் வணிகக்குறிக் காப்பு உண்டு. எனவே பிட்ஸ்ட்ரீம் என்ற நிறுவனம் இதே வடிவத்தை 'ஸ்டக்காட்டோ 222' என்ற பெயரில் விற்றது. சரக்கு ஒன்று, சீட்டு வேறு. மைக்ரோசாஃப்ட்டின் ஆபீஸ் தொகுப்போடும் மிஸ்ட்ரால் சேர்ந்து வந்ததால், எழுத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர் மேசையிலும் அது வந்து உட்கார்ந்தது. என் பையன் மேசையில் வந்ததும் இப்படித்தான். 2011இல் 'டிரைவ்' என்ற ஆங்கிலப் படத்தின் தலைப்பை இளஞ்சிவப்பு நிற மிஸ்ட்ராலில் போட்டார்கள். இரவு நேரத்து நகரம், ஓடும் கார், அதன் மேல் இந்தக் கையெழுத்து. மகன் காட்டினான். படத்தில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. தலைப்பு பிடித்தது.

அன்று நான் பட்ட பாடு பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. காமிக் சான்ஸ் என்ற குழந்தைத்தனமான எழுத்தை 1994இல் மைக்ரோசாஃப்ட்டில் வின்சென்ட் கொனேர் என்பவர் வரைந்தார். ஒரு மென்பொருளில் பொம்மை நாய் பேசும் பேச்சு, செய்தித்தாள் எழுத்தான டைம்ஸில் இருப்பதைப் பார்த்து, 'நாய் இப்படியா பேசும்?' என்று தோன்றி வரைந்தது. அந்த மென்பொருளுக்கு அது பயன்படவில்லை. ஆனால் கணிப்பொறிகளோடு உலகம் முழுவதும் பரவியது. 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் தேடலின் முடிவை அறிவித்தபோது, ஃபாபியோலா ஜனோட்டி என்ற பேரறிஞர் காட்டிய திரைப் பக்கங்கள் காமிக் சான்ஸில் இருந்தன. துகளைவிட எழுத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். அந்த அம்மையார் 2016இல் அதே ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆகவே விஞ்ஞானத்துக்கு எழுத்தால் நஷ்டமில்லை. கருமாதிப் பத்திரிகை அப்படியல்ல. அங்கே வாசிப்பவர் மனம் ஏற்கெனவே புண்ணாகி இருக்கிறது.

கையெழுத்து எழுத்துருவில் தீராத குறை ஒன்று உண்டு. அதைச் சொல்ல என் பாட்டனாரைத்தான் கூப்பிட வேண்டும். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் அவர் ஓலை எழுதுவார். சாத்திர நூலைப் படியெடுத்துக் கொடுப்பது எங்கள் சமணக் குடும்பங்களில் தானமாகக் கருதப்பட்டது. அவர் எழுதிய ஓர் ஓலை வீட்டில் இருக்கிறது. அதில் ஒரே வரியில் ஏழு ககரம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஓலையின் நரம்பு, எழுத்தாணியின் கூர், அவருடைய மூச்சு எல்லாம் ஒவ்வொன்றையும் ஒரு மயிரளவு மாற்றிவிட்டன. மிஸ்ட்ராலில் ஏழு 'ஈ' வந்தால் ஏழும் அச்சுப்பிசகாமல் ஒன்றே. மனிதக் கை என்று நம்பி வாசிக்கும் கண், இரட்டை எழுத்து வருகிற இடத்தில் 'அட, இது யந்திரம்' என்று கண்டுகொள்கிறது. 1996இல் மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் சேர்ந்து அறிவித்த ஓப்பன்டைப் முறையில், ஓர் எழுத்துக்குப் பல வடிவங்களை வைத்து, பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்றிப் போடும் வசதி வந்தது. ஜெர்மானியர் ஹெர்மன் சாஃப் 1998இல் வெளியிட்ட சாஃபினோ இத்தகைய மாற்று வடிவங்கள் நிறைந்த எழுத்து.

தமிழிலும் இப்போது கையெழுத்துச் சாயலில் எழுத்துருக்கள் வருகின்றன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் என்பவர் வரைந்த 'கவிவனார்' கூகுளின் இலவச எழுத்துருத் தொகுப்பில் கிடைக்கிறது. சாய்ந்து, தளர்வாக, யாரோ பேனாவால் எழுதியதுபோல் இருக்கும். தமிழோடு ஆங்கில எழுத்தும் அதிலேயே உண்டு. பெயர்சூட்டு விழா அட்டைக்கு நான் அதைத்தான் காட்டுகிறேன். கருமாதிக்குக் கேட்டாலும் கொடுப்பதில்லை.

அந்த அம்மா சில ஆண்டுகளுக்கு முன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். தலை நரைத்திருந்தது. உட்கார வைத்து மோர் கொடுத்தேன். மாதிரி அட்டைகளைப் புரட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, அன்னைக்குச் சிரிச்சுதே ஓர் எழுத்து, அது இன்னும் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். ஆங்கிலப் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் பெயர் இரண்டையும் அதில் போட்டோம், முகவரியும் நேரமும் நேர் எழுத்தில். பெண்ணின் பெயரில் இரண்டு 'எல்' அடுத்தடுத்து வந்தது. இரண்டும் ஒரே அச்சாக நின்று கண்ணை உறுத்தியது. டி.டி.பி. பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டாவது எல்லை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சாய்க்கச் சொல்லி, பிறகு ஐந்நூறு ஓட்டினோம்.